சின்னப் பட்டை

வீட்டுக்காரருக்கு,

சர்க்கரை இருப்பவர் வீட்டிலேயே பிரஷரும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மிஷின் வாங்கினீர்கள். உங்கள் கையில் பட்டையைச் சுற்றும்போதெல்லாம் எண் எகிறியது. "உன் வாயாலதான்டி ஏறுது" என்றீர்கள். வாயைப் பொத்திக்கொண்டேன். என் அக்கா செத்துப்போனதைக்கூடச் சீட்டில் எழுதித்தான் நீட்டினேன். அப்போதும் இறங்கவில்லை. "மொறைக்கிறல்ல, அதான்" என்றீர்கள்.

இன்று மிஷினை அந்த டாக்டரின் நர்ஸிடம் காட்டினேன். "பட்டை சின்னதும்மா. அவரு கை பெருசு. இதக் கட்டினா அதிகமாத்தான் காட்டும்" என்றார்.

பெரிய பட்டை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். நாளை எண் இறங்கும். "பாத்தியா, நீ வாய மூடினதும் எறங்கிடுச்சு" என்பீர்கள்.

அதைக் கேட்க நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உங்கள் பிரஷரை ஏற்றியவள்