கையெழுத்து உத்தியோகம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
12.3.1962

அன்புள்ள மகன் யோகலிங்கத்துக்கு,

நானும் கொம்மாவும் சுகம். காலபோக வெட்டு முடிந்து நெல்லும் வீடு வந்துவிட்டது. அந்த லண்டன் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். பிஸ்கற் பக்டரியில் ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் நிறுத்திவிட்டார்கள் என்று நீ எழுதியது போன மாதமே கிடைத்தது, பதில் பிந்தியதற்குக் கொம்மாதான் காரணம். நான் கடிதத்தை வாசிக்க அவா குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டா. வேலை போனது காதில் ஏறவில்லை, கிழமைக்கு ஒருநாள் அரசாங்கக் கந்தோரில் கையெழுத்துப் போட்டால் காசு தருகிறார்கள் என்பது மட்டும் ஏறிவிட்டது. நான் விளங்கப்படுத்த முன்னமே சந்தைக்குப் போய், என்ரை பிள்ளைக்கு இப்ப லண்டனிலை கவுண்மேந்து உத்தியோகம், கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டா.

மூன்றாம் நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காணி மயில்வாகனத்தார் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தன் மகள் சிவனேஸ்வரியை உனக்குப் பேசினார். கதவுக்குப் பின்னால் நின்று கொம்மா, சொல்லாதேயுங்கோ என்று கண்ணைக் காட்டினா. நல்ல பெட்டை, நல்ல குடும்பம், நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே காரியம் முடிந்துவிடும். ஆனால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற மனுசனை நாளைக்கு எந்த முகத்தோடு பார்ப்பது? உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் சிரித்தார். வேலை செய்யாதவனுக்கு எந்த அரசாங்கம் காசு குடுக்கும், அப்பிடியெண்டால் என்ரை மைத்துனனுக்குப் பத்து வருசச் சம்பளம் வரவேணுமே என்றார். பிறகு உன் கடிதத்தையே எடுத்து வாசித்தேன். வேலை செய்த மூன்று வருசமும் கிழமை தவறாமல் உன் சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் தன் பங்கைச் சேர்த்து காப்புறுதி நிதிக்கான அட்டையில் முத்திரை ஒட்டியதையும், வேலையில்லாத காலத்தில் அந்த நிதியிலிருந்துதான் காசு வருகிறது என்பதையும், தகுந்த வேலை காட்டும்போது மறுத்தால் ஆறு கிழமை வரை நிறுத்திவிடுவார்கள், எப்படியும் ஏழு மாதத்துக்கு மேல் நீளாது என்பதையும் இரண்டு தரம் வாசிக்க வைத்தார். அப்ப இது பிச்சைக் காசில்லை, தம்பி கட்டின காசு எண்டு சொல்லுங்கோ என்றார். ஓம் என்றேன். ஆனாலும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொம்மா இரண்டு நாள் உப்பில்லாத கறி வைத்தா. நல்ல உத்தியோகம் இருக்கேக்கை பிள்ளை ஏன் வேறை வேலை தேடுறான் என்று அவா இப்பவும் கேட்கிறா.

நேற்று மயில்வாகனத்தார் திரும்பி வந்தார். சிவனேஸ்வரி, வேலை போனதை ஒளிக்காமல் தகப்பனுக்கு எழுதுற ஆள் எண்டால் எனக்கு அதுவே காணும், அவருக்கு வேலை கிடைக்குமட்டும் நான் படிப்பிச்சுக்கொண்டு இருக்கிறன் என்று சொல்லிப்போட்டாளாம். தன் பங்குக்கு அவர், அந்த ஏழு மாதம் எந்தத் திகதியிலை முடியுது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ என்றார்.

ஆகையால் மகன், பனி என்று படுத்துக் கிடக்காமல் கையெழுத்து நாளில் நேரத்துக்குப் போ, காட்டுகிற வேலையைக் கௌரவம் பார்த்துத் தட்டாதே. ஒரு படம் பிடித்து அனுப்பு, தொப்பி வேண்டாம். இனிமேல் எனக்கு எழுதுகிற மாதிரியே அந்தப் பிள்ளைக்கும் உள்ளதை எழுது. எல்லா நலமும் உனக்குக் கைகூட வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஐயா
வீரகத்தி

திகதியை மறக்காதே. மனுசன் காலையும் மாலையும் வாய்க்காலடியில் நிற்கிறார்.