ஒன்பதாம் எண்ணுக்கு மேளம் அடிக்கப்படவில்லை

அனுப்புநர்:
சி. தமிழ்மொழி (பதினோராம் வகுப்பு),
த/பெ. சின்னதுரை,
காலனித் தெரு, ஏரிமேடு,
வடக்கனந்தல் வழி.
தற்போது: அத்தை வீடு, வெள்ளிமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: என் தந்தையின் கையை முறித்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும், காவல் நிலையத்தில் உள்ள எங்கள் சோதனை நோட்டை மீட்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறிவியல் கண்காட்சிக்காக நானும் வகுப்புத் தோழி தனுஷாவும் ஒரு சோதனை திட்டமிட்டோம். இசை கேட்டால் இரத்த அழுத்தம் ஏறுமா, இறங்குமா என்பது கேள்வி. பன்னிரண்டு பேருக்கு முதலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அளவெடுப்பது; பிறகு ஆறு பேருக்குக் கைப்பேசியில் நாதஸ்வரம், ஆறு பேருக்கு நேரில் பறைமேளம் கேட்கவைத்து மறுபடி அளவெடுப்பது. மேளத்துக்கு என் அப்பாவைக் கேட்டேன். "காரியம் இல்லாம தோலக் காய்ச்சக் கூடாதும்மா" என்று மறுத்தார். அடிக்குமுன் பறையின் தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும். எங்கள் பக்கம் சாவுக்கும் சாமிக்கும் தவிர மேளத்தை வெளியே எடுக்கமாட்டார்கள். படிப்புக்குத்தானே என்று நான்தான் அடம்பிடித்துச் சம்மதிக்க வைத்தேன்.

2. 08.11.2025 சனிக்கிழமை பகலில் பள்ளி மைதானத்தில் தொடங்கினோம். அறிவியல் ஆசிரியர் திரு. சிவசங்கர் உடனிருந்தார். கருவி சரியாக இருக்கிறதா என்று எண் 1 ஆக அப்பாவுக்கே பார்த்தோம்: 124/80. ஒன்பதாம் எண் தனுஷாவின் தாத்தா திரு. ஆதிமூலம். பேத்தி கூப்பிட்டாள் என்று ஆசையாக வந்தார். அவருக்கு 214/122 காட்டியது. இரண்டாம் முறை 210/120. மேல் அளவு 180ஐத் தாண்டினால் சோதனையில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆசிரியர் சொன்னார். தாத்தா எங்களிடம், "வூட்ல சொல்லிடாதீங்க பாப்பா, மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது, தெரிஞ்சா கத்துவானுங்க" என்றார். மேளம் தொடங்குமுன்பே கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் அப்பா மற்றவர்களுக்காக மேளம் அடித்தார்.

3. வீட்டில் சொல்லிவிடலாமா என்று தனுஷா கேட்டாள். அளவுகளை யாரிடமும் சொல்லமாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் நாங்களே எழுதியிருந்தோம். எழுதியதை மீறக்கூடாது என்று நான் சொன்னேன். ஐயா, அது என் தவறு. அதற்கு என்னைத் தண்டியுங்கள். என் அப்பாவை அல்ல.

4. மறுநாள் விடியற்காலை தாத்தா இறந்துவிட்டார். பத்து மணிக்கு ஆள் அனுப்பி அப்பாவைச் சாவு மேளத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் அம்மா ஆயம்மாளும் துக்கம் கேட்கக் கூடவே போனோம். தாத்தாவின் மகனும் தனுஷாவின் அப்பாவுமான திரு. அறிவுச்செல்வன், "சாவே இல்லாத ஊர்ல மேளத்த அடிச்சி எங்கப்பன வாரிக்கினு போயிட்டு, இப்ப இன்னாடா நிக்கிற" என்று மண்வெட்டிப் பிடியால் அடித்தார். அப்பாவின் இடது கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. திரு. ராஜாங்கம் என்பவர் வாயில் மிதித்ததில் இரண்டு பற்கள் விழுந்தன. தடுக்கப்போன அம்மாவை முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். "அப்பா, தாத்தாவுக்கு நேத்தே பிரசர் இருந்துச்சிப்பா" என்று வாசலிலிருந்து தனுஷா கத்தினாள். அவளையும் அறைந்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

5. அத்தோடு விடவில்லை. முறிந்த கையோடு மேளத்தைத் துண்டால் கட்டி, "அடிடா, சுடுகாடு வரைக்கும் அடி" என்றார்கள். ஒரு கிலோமீட்டர். விழுந்தபோதெல்லாம் தூக்கி நிறுத்தினார்கள். வாயிலிருந்து ஒழுகிய இரத்தம் மேளத்தில் சொட்டி, அடிக்க அடிக்கத் தெறித்தது. நூறு பேராவது பார்த்துக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் மேளத்தைப் பிடுங்கிச் சிதையில் போட்டார்கள்.

6. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில், சாவு வீட்டில் தகராறு செய்ததாக அப்பா மீதுதான் வழக்கு. விசாரணைக்கு என்று நோட்டை வாங்கிப் போனார்கள். அம்மா போய்க் கேட்டதற்கு, "இன்னா நோட்டு? அப்படி ஒண்ணும் வரல" என்றார்கள். ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. அந்த நோட்டில் ஒன்பதாம் வரி தனுஷாவின் கையெழுத்தில் இருக்கிறது: நேரம், இரண்டு அளவுகள், "மேளம் அடிக்கப்படவில்லை" என்ற குறிப்பு, பக்கத்தில் தாத்தாவின் கையொப்பம்.

7. ஆகவே, தாக்கியவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியவும், அப்பா மீதுள்ள வழக்கை நீக்கவும், நோட்டைத் தேடி எடுக்கவும் உத்தரவிட வேண்டும். தனுஷா அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பா பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து அவளைக் கேளுங்கள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

8. நேற்று இங்கே ஒரு வீட்டுச் சாவுக்கு மேளம் அடித்தார்கள். அப்பா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மறு கையில், என்னிடமே இருந்த இரத்த அழுத்தக் கருவியைக் கட்டிப் பார்த்தேன். நோட்டு என்னிடம் இல்லாததால் இந்த மனுவிலேயே எழுதுகிறேன். எண் 1, மேளம் கேட்டபின்: 188/112.

நடவடிக்கையை எதிர்நோக்கி,
சி. தமிழ்மொழி

இடம்: வெள்ளிமலை
நாள்: 17.11.2025

இணைப்பு: எக்ஸ்ரே நகல், மருத்துவமனைச் சீட்டு நகல்.