சங்க அலுவலகத்துக்கு வந்த மார்கழி

அன்பு மகள் தமிழ்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மாடும் கன்றும் நலம், அப்பாவின் முழங்கால் வலியும் குறைவில்லாமல் நலம். அங்கே நீ நலம் என்பதை உன் கட்டைவிரல் படத்திலிருந்து தெரிந்துகொள்கிறோம். போனில் சண்டை போட்ட நாளிலிருந்து நீ அனுப்பும் பதில் அது ஒன்றுதானே, சாப்பிட்டாயா என்றாலும் கட்டைவிரல், பனி விழுகிறதா என்றாலும் கட்டைவிரல். கூப்பிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது என்றுதான் இதை எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் பக்ருன்னிசாவின் மகள் நர்கீஸ் மேல்படிப்புக்குக் கனடாவில் உங்கள் எட்மன்டனுக்கே வருகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆடியில் நீ லீவுக்கு வந்தபோது எங்கள் பூ விவசாயிகள் சங்கச் செயலாளர் மோகன்குமார் எந்த நிலையில் இருந்தார் என்பது நினைவிருக்கும். சங்க அலுவலகத்தில் மேற்கு வெயில் நேராக அடிக்கிற சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, உள்ளே வந்த சூட்டை விரட்ட ஒரு பெரிய ஏசியையும் மாட்டி, பிறகு கரண்ட் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலைக் காசு கொடுத்து உள்ளே அழைத்து, காசு கொடுத்தே வெளியே அனுப்புகிற புத்தி எல்லாருக்கும் வராது. அலுவலகக் கட்டிடங்களின் சூடு, குளிரைக் கணக்குப் பண்ணி மின்சாரத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பதுதான் என் மகளுக்கு வேலை என்று நான்தான் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நீயும் உன் அத்தை வீட்டு விருந்தை விட்டுவிட்டு ஏணியில் ஏறினாய். கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் தாள் ஒட்ட வைத்தாய், அழகில்லை என்று அவர் கழற்றிப் போட்டிருந்த மின்விசிறிகளைத் திரும்ப மாட்ட வைத்தாய், பதினெட்டில் கிடந்த ஏசியை இருபத்தைந்துக்கு ஏற்றினாய், அறையின் சூட்டைப் பார்த்து ஏசிக்குச் சொல்கிற வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்தாய். பில் பாதியாக இறங்கியது. அந்த இரண்டு மாதமும் நீ அவருக்கு "நம்ம தமிழ்மதி".

ஆயுத பூஜை முடிந்ததும் பிடித்தது பார் ஒரு குளிர். வெளியே ஐப்பசி மழை, உள்ளே ஏசி மூச்சு விடாமல் ஓடுகிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பக்ருன்னிசா ஸ்வெட்டர், நான் சால்வை, செம்பட்டியிலிருந்து பூப்பணம் வாங்க வருகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் காதோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பில் பழைய இடத்துக்கே ஏறியது. "நம்ம தமிழ்மதி" ஒரே நாளில் "உங்க பொண்ணு" ஆகிவிட்டாய். உங்க பொண்ணு கனடாக் கணக்க இங்க போட்டுட்டுப் போயிருச்சும்மா என்றார் மோகன்குமார், அடுத்த கூட்டத்தில் சொல்லி எல்லாவற்றையும் கழற்றிவிடப் போவதாகவும் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் குளிர் தாங்கவில்லை என்றேன். நீ அங்கிருந்தே அந்தப் பெட்டி காட்டுவதை உன் போனில் பார்த்துவிட்டு, அறைச் சூடு முப்பத்தி மூணு காட்டுதும்மா, நீங்கதான் கதவத் தெறந்து போட்டிருப்பீங்க என்றாய். சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறவளிடம் உனக்கு வியர்க்கிறது என்று நம்பர் காட்டிச் சொன்ன முதல் மகள் நீதான். அப்புறம் நான் பேசியதும் நீ பேசியதும் வேண்டாம், இரண்டு பேருக்குமே தெரியும்.

போன வாரம் எங்கள் அலுவலகம் கூட்டுகிற ராக்கம்மாள் தன் மகள் வளைகாப்புக்காக லீவு போட்டாள். மதியத்துக்குள் எனக்குப் புழுக்கம் தெரிந்து சால்வையைக் கழற்றினேன். ஏசி அடங்கிக் கிடந்தது. ராக்கம்மாளுக்கும் ஏசிக்கும் என்ன உறவு என்று சுற்றிப் பார்த்தபோதுதான் சுவரில் கண் போனது. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டர், தராசு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்த மோகன்குமார், இம்புட்டு வேலையும் பாக்குற மிசினு இதுதானே என்று உன் வெள்ளைப் பெட்டிக்கு மாலையே போட்டார். அதோடு விட்டாரா, அதற்கு நேர் கீழே பலகை அடித்துச் சாமி படம் வைத்து, அலுவலகம் திறந்து மூடும்வரை விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவும் போட்டார். ராக்கம்மாளும் தவறாமல் எண்ணெய் ஊற்றினாள். பாவம் உன் பெட்டி, அடியில் தீபம் எரிந்தால் அறையே பற்றி எரிவதாகத்தானே நினைக்கும், அது ஏசியை விரட்டு விரட்டு என்று விரட்டியிருக்கிறது. அன்று ராக்கம்மாள் இல்லை, விளக்கும் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சொன்னதும் மோகன்குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமியப் போயி எப்பிடிம்மா நகத்துறது என்றார். சாமி இருக்கட்டும், பெட்டியை நகர்த்துங்கள் என்றேன். எலக்ட்ரீசியன் ஸ்டான்லி வந்து எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுப் போனார், அன்றைக்கே குளிர் போய்விட்டது. கூட்டத்தில் மோகன்குமார் எழுந்து, விளக்கு ஏத்துன நேரம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு என்று சாமிக்கு நன்றி சொன்னார். நானும் எழுந்தேன், விளக்கு ஏற்றிய நேரம்தான் எல்லாம் கெட்டது, என் மகள் செய்ததில் ஒரு குறையும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எதையும் கழற்றப் போவதில்லை.

ஆக உன் பெட்டியும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீ பெட்டியைத்தான் நம்பினாய், அது எனக்கு வலித்தது. சரி, அது போகட்டும். அன்றைக்கு உன் அறையிலிருந்து வீடியோவில் நீ கத்தியபோது உன் வாயிலிருந்து ஆவி வந்தது. கோவத்துல புகையிறா ஒம் மக என்றார் அப்பா, நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த விளக்கு விவகாரம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரில் உள்ள அலுவலகத்துக்கெல்லாம் சூட்டை அளந்து கொடுக்கிற கெட்டிக்காரி, தன் அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். குளுரெல்லாம் பழகிருச்சும்மா என்று நீ சொன்னதை இனிமேல் நம்புவதாக இல்லை. மிச்சம் பிடிப்பது ஆளில்லாத அறைக்கு, நீ இருக்கிற அறைக்கு இல்லை.

தலைக்கு எண்ணெய் வை, பொடியை நெய் விட்டுச் சாப்பிடு, நர்கீஸ் புதுசு, அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். நம் குலசாமி உனக்கு ஒரு குறையும் வைக்காது. ஹீட்டரைப் போடு. போட்டுவிட்டுக் கட்டைவிரல் அனுப்பாதே, வீடியோவில் முகத்தைக் காட்டு. ஆவி வருகிறதா இல்லையா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட உன் அம்மா,
கண்ணம்மாள்