வாசல்படிக்குத் தூவாத மணல்

ஹால்வர்,

மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மேல்வீட்டு போர்கில்டு அம்மாவுக்கு இன்று இடுப்பில் ஆபரேஷன்.

இந்த வாரம் யாரும் வழுக்கி விழாமலிருக்க வாசல்படிக்கு மணல் தூவுவது நம் முறை. படியெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது என்று நேற்றுக் காலை உன்னை எழுப்பினேன். "தூவிடறேன், தொணதொணக்காதே" என்று போர்வையை இழுத்துக்கொண்டாய். நம்பி வேலைக்குப் போனேன். போர்கில்டு அம்மா அந்தப் படியில் வழுக்கி விழுந்த பிறகு அவர் மகன் எய்விண்டிடம், "தூவித்தான் இருந்தேன், மறுபடி உறைஞ்சிடுச்சு" என்றாயாம். மணல் வாளியின் மூடியைக்கூட நீ திறக்கவில்லை. நான் பார்த்தேன்.

அம்மாவின் துணிகளை எடுக்க எய்விண்டு சாயங்காலம் வருவான். அவர் வீட்டுச் சாவி ஜன்னலோரம் இருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது உண்மையையும் நீயே சொல்லிவிடு. தலைவலி என்று படுத்துவிடாதே.

இன்றிரவு அக்கா வீட்டில் தங்குகிறேன்.

மாரித்

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நேற்று அந்த அம்மா வலியோடு என்னிடம் கேட்டார்: "ஹால்வருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? இல்லேன்னா மணல் போடாம இருக்கமாட்டானே." ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இனி உனக்காக என்னால் அப்படித் தலையாட்ட முடியாது.