வெந்த இடம்

14.11.2006
என் மனுசனுடைய இடக்கை இன்றும் தேநீர்க் கோப்பையை நழுவவிட்டது. "சவர்க்காரம் பூசின கை, வழுக்குது புள்ள" என்றார். நானும் நம்பினவள் போல் நின்றேன். போன வருடம் தலைக்குள் இருந்த கட்டியை வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் பிடித்து, முடிந்தது என்றுதானே இருந்தோம்?

22.11.2006
கொழும்பு. தலைப் படத்தில் பழைய இடத்தில் ஒரு வெள்ளை வளையம். கட்டி திரும்பியிருக்கலாம், அல்லது கதிர் பிடித்ததில் மூளை வெந்துபோன இடமாக இருக்கலாம் என்கிறார் டொக்டர். இந்தப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தானாம். கட்டியென்றால் திரும்பவும் வெட்ட வேண்டும். வெந்த இடமென்றால் வீக்கம் வற்றக் குளிசை விழுங்கினால் போதும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றி வேறொரு படம். உயிருள்ள கட்டி அதை இழுத்து ஒளிரும், செத்த இடம் இருட்டாகவே கிடக்கும். மருந்து விமானத்தில் வருகிறது, வைத்திருந்தால் வீரியம் போய்விடும், சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள் என்றார். சண்டையும் மறியலுமாகக் கிடக்கும் மட்டக்களப்பிலிருந்து வருகிறவளிடம் போய் இதைச் சொல்கிறார்.

5.12.2006
கொழும்புக்குப் போகும் வழியில் வெலிக்கந்தையில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். முன்னால் ஏதோ வெடித்ததாம். இவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் குந்தியிருக்கிறார். கொழும்பில் மருந்து வீணாகிக்கொண்டிருக்கிறது.

6.12.2006
கடைசி ஆளாக எடுத்தார்கள். படம் இருட்டு. கட்டியில்லை!
மருந்து களைத்துப்போனதால்தான் இருட்டோ என்று கேட்டேன். இல்லை, மற்ற இடங்கள் நன்றாகப் பதிந்திருக்கின்றன என்றார். குளிசையை மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மூளை வீங்கும், ஆளையே கொண்டுபோகும் என்று இரண்டு தரம் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குள் போய் வாய்விட்டு அழுதேன்.

16.1.2007
கை தேறிவிட்டது. எங்கள் ஊர் கல்லடி முழுக்கக் கையைத் தூக்கிக் காட்டித் திரிகிறார், தேர்தலில் வென்றவர் மாதிரி. ஷெல் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

18.2.2007
வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கும் இவருடைய அக்கா கண்ணகை ஆள் அனுப்பியிருக்கிறா. வெள்ளாமை வெட்டியாயிற்று, நெல்லடிக்கும் களத்தில் நிற்க வீட்டு ஆம்பிளை இல்லை, தம்பி வரவேண்டுமாம். பெண்கள் களத்தில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் நானே போயிருப்பேன்.
"கான்சர் இல்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார்தானே. நெல்லைத் தூத்திப்போட்டு மறுகா வாறன்."
நல்ல செய்தி கேட்ட ஆளை எப்படி மறிப்பது?

21.2.2007
அங்கால் இயக்கத்தின் பகுதி என்பதால் மருந்து போக ஆமி விடாது. வாவி கடக்கும் மண்முனைத் துறையில் குளிசைப் பையை வாங்கி வைத்துக்கொண்டு, பத்துக் குளிசை உள்ள ஒரு அட்டை மட்டும் கொடுத்தார்கள். "போகவேணாம், கிறுகி வீட்ட வாங்க" என்றேன். "நாலு நாள் வேலைகா" என்று வாவி கடக்கும் படகுப்பாதை மிதவையில் ஏறிவிட்டார்.

25.2.2007
சண்டையால் படகுப்பாதை ஓடவில்லை.

3.3.2007
இன்றும் இல்லை. அதே குளிசையில் இன்னொரு பை வாங்கிக்கொண்டு துறைக்குப் போனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டை முடிந்திருக்கும். பாதிப் பாதியாகப் போட்டிருப்பாரோ? அந்த மனுசனுக்கு அவ்வளவு புத்தி வராது.

9.3.2007
படுவான்கரை முழுக்க ஷெல். சனம் வாவியைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறன். எங்க என்ர மனுசன்?

17.3.2007
கண்ணகை மச்சாள் வந்து சேர்ந்தா. தனியாக.
தலையிடி, குடித்த தண்ணியும் தங்காத சத்தி, பிறகு பிதற்றல், பிறகு எழும்பவே இல்லையாம். வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். உன்னால்தான், நீ கூப்பிட்டதால்தான் என்று சொல்ல வாய் துடித்தது. அவவின் கால் முழுக்கக் கொப்புளம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
"கான்சர் திரும்பி வந்திட்டுதுதானே மச்சாள்? நான் கூப்பிட்டதால இல்லத்தானே?"
"ஓம் மச்சாள்" என்றேன். "அதுதான் திரும்பி வந்தது."