நாற்பத்திரண்டு காலி அறைகள்

மண்ணூர், 3.6.2025

அன்புள்ள சுகப்பிரியா அக்காவுக்கு,

நலம்தானே? நீங்கள் நடத்தும் விக்கித் தளத்தில், என் பேச்சுப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியதைப் படித்தேன். "தங்கள் மாற்றம் நீக்கப்பட்டது. இது இரண்டாம் எச்சரிக்கை." முதல் எச்சரிக்கையும் இதே அச்சுதான். ஃபேக்டரியில் ஒரே அச்சில் கார் கதவு அடித்து அடித்து, திட்டுவதையும் அப்படியே அடிக்கிறீர்கள். சொந்தமாக ஒரு வரி திட்டினால் நம் ஊர் விக்கிக்கு விக்கலா வந்துவிடும்?

நான் செய்தது இவ்வளவுதான். சிவசங்கர் சித்தப்பா பெண்களுக்கு அறை விடுகிறாரே, விக்கியின் அறைப் பட்டியலில் அவர் பக்கத்தில் "காலி இல்லை" என்ற அறிவிப்பு இருந்தது. "காலி. அட்வான்ஸ் வேண்டாம்" என்று மாற்றினேன். "இன்னா லூர்தம்மா, காத்தாலேர்ந்து ஃபோனு அடிச்சிகினே கீது" என்று அம்மாவிடம் வந்து புலம்பினார். காலியானது அவர் நிம்மதி மட்டும்தான்.

இப்படிக்கு,
இரண்டு முறை எச்சரிக்கப்பட்ட ஷாரோன்

ஒரகடம், 4.6.2025

ஷாரோனுக்கு,

நீ மாற்றியது சித்தப்பாவின் பக்கத்தை அல்ல, வார்ப்புருவை. "காலி இல்லை" என்று ஒரே ஒரு முறை எழுதி, அதையே நாற்பத்திரண்டு வீடுகளின் பக்கங்களில் ஒட்டியிருந்தேன். மூலத்தில் கை வைத்தால் ஒட்டிய இடமெல்லாம் மாறும். திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து, நான் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்த மூன்று மணி வரை, பட்டியலில் ஒரகடம் முழுக்கக் காலி.

மாரிசெல்வி என்று ஒரு பெண், சங்கரன்கோவில்காரி, அதை நம்பி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏழு வீடு அலைந்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் "யாரு சொன்னது காலின்னு?" இரண்டு மணிக்குள் தங்குமிட முகவரி கொடுத்தால்தான் கம்பெனியில் சேர்ப்பார்கள். கொடுக்க முடியவில்லை. சாயங்காலமே ஊருக்கு வண்டியேறிவிட்டாள்.

"அந்தப் பட்டியல யாருக்கா பாக்கா?" என்று, தளத்திலிருந்த என் எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்டாள். நான்தான் என்றேன்.

சுகப்பிரியா

மண்ணூர், 5.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. சித்தப்பாவைத் தவிர யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முதுகில் விழ வேண்டியது விழுந்தது. பிறகு, "அந்தப் பொண்ண வரச் சொல்லு, நம்ம வூட்லயே தங்கட்டும்" என்றார். எங்கள் முகவரியையே கம்பெனியில் கொடுக்கலாம். மாரிசெல்வி அக்காவின் எண்ணைத் தருவீர்களா? நானே பேசுகிறேன்.

ஷாரோன்

ஒரகடம், 7.6.2025

ஷாரோனுக்கு,

எண் தர மாட்டேன். அவள் நேற்று திருப்பூரில் ஒரு மில்லில் சேர்ந்துவிட்டாள். உன் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்.

கீழே இருப்பது விதிப்படி எல்லோருக்கும் ஒட்டுவது.

"இப்பயனர் ஓராண்டு தடை செய்யப்பட்டுள்ளார். தம் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம்."

சுகப்பிரியா

மண்ணூர், 16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேறெங்கும் எழுத முடியாததால் என் பக்கத்திலேயே எழுதுகிறேன். கண்ணில் பட்டால் படியுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில் சந்திரம்மாள் வீட்டு மாடி அறை இன்று காலியானது. உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று பேர் தங்கலாம். குழாயில் தண்ணீர் வருகிறது. தாழ்ப்பாள் சரியில்லை, ஆள் வருவதற்குள் மாற்றித் தருவதாகச் சொன்னார். பெண்களுக்குத்தான் விடுவாராம். உங்கள் பட்டியலில் அந்த வீடே இல்லை. நான் சேர்க்க முடியாது, நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

ஷாரோன்

ஒரகடம், 19.6.2025

"இத்தகவலுக்குச் சான்று தேவை."

ஷாரோன், ஞாயிறு எனக்கு லீவு. பத்து மணிக்கு மண்ணூர் ஸ்டாப்பில் நில். அறையை நானே பார்த்த பிறகுதான் சேர்ப்பேன். தடை அப்படியே இருக்கும்.

சுகப்பிரியா