வேண்டுமென்றே திக்கிய பேச்சு

மார்ச் 4

மனநல ஆலோசகரிடம் முதல் நாள். என்ன வேண்டும் என்று கேட்டார். "எங்க மேலாளர் அசிங்கப்படணும்" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எழுதி வைத்ததைப் படித்தால் எனக்குத் திக்காது. ஒரே ஒரு நாள், நடைமேடை மாறிய அவசரத்தில் திக்கி மாட்டிக்கொண்டேன். எங்கள் அறையில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். அதைத் தேடி எடுத்து ஆண்டு விழாவில் போட்டுக் காட்டினார் மேலாளர். கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேனே, சீ! மறுநாளிலிருந்து மைக் முன்னால் வாய் திறக்கவில்லை. இப்போது தொலைந்த பொருள் அறையில் யாரோ விட்டுப்போன குடைகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 11

சிக்கினார்! பழைய பதிவுகளைத் துழாவினேன். எங்கள் அறையில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பேசியவர், பேச்சு தானாகப் பதிவாவதை மறந்திருக்கிறார். போனில் மனைவியிடம் கெஞ்சல்: "கால்ல வேணா விழறேன், வீட்டுக்கு வந்துடும்மா." அழுகை வேறு. என் போனில் ஏற்றிக்கொண்டேன். முப்பதாம் தேதி அவருக்குப் பிரிவு உபசார விழா. அங்கே போட்டு விடுகிறேன்.

"ஓய்வு பெறப் போற மனுஷன், விட்டுத் தொலையேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். எதை விடுவது? இவரையா பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள்?

மார்ச் 16

ஆலோசகரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். "சரி, போட்டாச்சு. மறுநாள் மைக் முன்னால உக்காருவீங்களா?"

 எரிச்சலாக வந்தது.

கடையில் போய் வேண்டுமென்றே திக்க வேண்டுமாம். மறைக்க மறைக்கத்தான் கூச்சம் கூடுகிறதாம்.

மார்ச் 18

மருந்துக் கடை. "த-த-தலைவலி மாத்திரை." கடைக்காரர் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன்?

மார்ச் 24

படிக்கட்டில் மேலாளர்: "விழாவுல நீயும் ரெண்டு வார்த்தை பேசும்மா. எல்லாரும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

"பேசறேன் சார்." உடம்பெல்லாம் எரிந்தது.

மார்ச் 30

"மே-மே-மேலாளர் அவர்களே" என்று ஆரம்பித்தேன். அவர் மட்டும் சிரித்தார்.

"அன்னைக்கு என் திக்கலை நீங்க போட்டுக் காட்டினீங்க. இன்னைக்கு நானே கொண்டு வந்திருக்கேன். ந-ந-நல்லா கேளுங்க."

 பிறகு அவரைப் பாராட்டினேன். தோன்றிய இடத்தில் எல்லாம் திக்கினேன். நான் முடிக்காமல் அவர் எப்படி உட்காருவது? பரிசுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் தொங்கிவிட்டது. அவருடைய ஒரு பதவி உயர்வைக்கூட விடவில்லை நான். நிதானமாகச் சொன்னேன். ஆகா, என்ன சுகம்!

போனில் இருந்த பதிவைப் போடவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை, தேவைப்படவில்லை. மன்னிக்கவும் இல்லை.

ஏப்ரல் 2

காலை முறை. மறுபடி மைக் முன்னால். ஒரு வண்டி தாமதம். சொல்லும்போது நிஜமாகவே திக்கியது. நின்றேன், மூச்சு விட்டேன், சொல்லி முடித்தேன். கீழே எல்லோரும் வண்டியைத்தான் திட்டினார்கள்.